மாகறல் எடைப் பதிவேடு

உத்திரமேரூர்
12-2-1979

மாகறல் போஷாக்குக் கல்வி வகுப்பின் சேவிகா சுலோச்சனா அம்மாள் அவர்களுக்கு, கஸ்தூரிரங்கன் எழுதிக்கொண்டது. க்ஷேமம்.

இந்தக் கடிதத்தில் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் சொல்ல உத்தேசம்.

1. நான் யார், எதற்காக எழுதுகிறேன்.
2. உங்கள் வகுப்பால் வீடுகளில் சுத்தம் கூடியிருக்கிறது.
3. உங்கள் வகுப்பால் சாப்பாடு மாறவில்லை. ஆகவே உங்கள் எடைப் பதிவேட்டை நம்ப முடியவில்லை.
4. கேட்டது யார் என்பதால் விடை மாறுவதில்லை.
5. உங்களுக்கு உள்ள அவகாசம்.

இனி விவரம்.

முதலாவது. செங்கல்பட்டு புள்ளிவிவர அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பயிர் அறுவடைச் சோதனைதான் என் வேலை. வயலில் ஒரு சதுரத்தை அளந்து கயிறு கட்டி, அதற்குள் உள்ள நெல்லை மட்டும் அறுத்து எடை போட்டு, தாலுகாவின் விளைச்சலைச் சொல்வோம். உங்கள் வகுப்புக்குப் பணம் தரும் மதராஸ் ஸ்தாபனத்தார், நீங்கள் ஒரு வருடமாக மாகறலில் ஏழைத் தாய்மார்களுக்கு நடத்திவரும் வகுப்பால் பலன் உண்டா என்று பார்த்துச் சொல்லும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். மதிப்பிடப்படுபவரை வேலை முடியும்வரை நேரில் சந்திப்பதில்லை என்பது என் வழக்கம். அதனால்தான் கடிதம்.

இரண்டாவது. சென்ற மாதக் கடைசியில் நாற்பது வீடுகளுக்குப் போனேன். முப்பத்தெட்டு வீடுகள் மெழுகிச் சுத்தமாக இருந்தன. சாம்பிராணிப் புகைகூடப் போட்டிருந்தார்கள். வெகு திருப்தி.

மூன்றாவது. இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. முந்தின நாள் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டேன். முப்பத்தோரு வீட்டில் கஞ்சி அல்லது சோறு, ரசம், ஊறுகாய். ஆறு வீட்டில் கீரை. மூன்று வீட்டில் பயறு. ஒரு வருடம் பாடம் கேட்டவர்களின் சாப்பாடு இது. ஆனால் உங்கள் பதிவேட்டில் நாற்பது குழந்தைகளில் இருபத்தொன்பதுக்கு எடை ஏறியிருக்கிறது. உண்ணாமல் எடை ஏறாது. தராசில் கோளாறு இருக்கலாம். அறிக்கையில் ‘எடைப் பதிவேட்டின் நம்பகத்தன்மை ஐயத்திற்குரியது’ என்று எழுத வேண்டியிருக்கும்.

நான்காவது. இந்த முடிவில் என் விருப்பு வெறுப்பு எதுவும் இல்லை. வேறு யார் போய்க் கேட்டிருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும். நெற்கதிர் ஆளைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை.

ஐந்தாவது. ஏப்ரல் 11ஆம் தேதி காஞ்சிபுரத்தில் ஸ்தாபனத்தின் கமிட்டி கூடுகிறது. வகுப்பு தொடருமா, நீங்கள் தொடர்வீர்களா என்பதை அன்று தீர்மானிப்பார்கள். அதற்குச் சில நாள் முன்பே அறிக்கை போய்ச் சேர வேண்டும். அதற்குள் சொல்ல ஏதும் இருந்தால் எழுதுங்கள். தராசையும் சோதித்துப் பார்க்க அனுப்பிவைத்தால் நலம்.

நான் எங்காவது பிசகியிருக்கலாம். எனக்கு அந்த பயம் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
க. கஸ்தூரிரங்கன்


மாகறல்
16-2-79

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது குறிப்பை ஏழெட்டுத் தடவை.

தராசில் கோளாறு என்று மரியாதைக்காக எழுதியிருக்கிறீர்கள். பதிவேட்டை எழுதுகிறவள் நான் ஒருத்திதான். நம்ப முடியாதது தராசா, நானா? நேராகவே கேட்டிருக்கலாம்.

சிட்டம்மாளின் இரண்டாவது பெண் அஞ்சலையை செப்டம்பரில் தராசில் தொங்கவிட்டபோது ஏழு கிலோ இருநூறு. வயது இரண்டு. கழுத்து நிற்கவில்லை. ஈயை ஓட்டக் கை தூக்காது. போன வாரம் எட்டு கிலோ தொள்ளாயிரம். தராசுத் துணியில் உட்கார வைத்தால் இறங்கி ஓடுகிறது. அந்த ஒரு கிலோ எழுநூறையும் என் பேனாவா போட்டது?

நீங்கள் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் அது என் பதில் இல்லை, அந்த வீடுகளின் பதில். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

ஒன்று மட்டும் நான் கேட்கிறேன். போவதற்கு நான்கு நாள் முன்பே பஞ்சாயத்துக்கு ‘இன்ன தேதி, இன்ன தெரு, இன்ன நேரத்துக்கு வருகிறேன்’ என்று கார்டு போட்டீர்களே, நெல் அறுக்கப் போகும்போதும் வயலுக்குக் கார்டு போடுவீர்களா?

தராசு நாளைக்கு ஏழரை மணி பஸ்ஸில் வரும்.

இப்படிக்கு,
சுலோச்சனா


உத்திரமேரூர்
20-2-1979

சுலோச்சனா அம்மாள் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய கொக்கித் தராசு பத்திரமாக வந்தது. கண்டக்டர் சாக்கைக் கொடுத்துவிட்டு, “அந்த அம்மா ஒண்ணியும் சொல்லலீங்க, தூக்கிப் போட்டாங்க, அவ்ளோதான்” என்றார். சாக்கில் சீட்டு எதுவும் இல்லை. அதுவே எனக்குப் போதுமான கடிதமாக இருந்தது.

இங்கே நெல் மண்டியில் முத்திரை போட்ட எடைக்கற்கள் இருக்கின்றன. மண்டிக்காரர் பச்சமுத்துவைக் கேட்டு வாங்கி, ஐந்து கிலோ, பத்து கிலோ, இரண்டும் சேர்த்துப் பதினைந்து கிலோ என்று ஒவ்வொன்றையும் நான்கு தடவை தொங்கவிட்டேன். “இன்னா சாமி, கொழந்தைங்கள வுட்டுட்டு கல்லுக்குச் சத்து ஏத்திப் பாக்கறியா?” என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தராசு ஐம்பது கிராம்கூடப் பிசகவில்லை.

இப்போது என் சங்கடம் கூடிவிட்டது. தராசு பொய் சொல்லவில்லை. அந்தத் தாய்மார்கள் பொய் சொல்ல ஒரு காரணமும் தெரியவில்லை. நல்ல சாப்பாடு சாப்பிட்டால் பெருமையாகச் சொல்வார்களே தவிர மறைப்பானேன்? மிச்சம் இருப்பது நீங்கள் எழுதும் கை ஒன்றுதான். இதைக் கணக்கு சொல்கிறது, நான் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். ஆனால் அப்படிச் சொல்வதும் ஒரு ஒளிந்துகொள்ளல்தானோ என்று தோன்றுகிறது.

கார்டு விஷயம் உண்மை. சொல்லாமல் போய் ஒருவர் வீட்டு அடுப்பை எட்டிப் பார்ப்பது அநாகரிகம் என்று நினைத்தேன். வயலுக்குக் கார்டு போட்டதில்லை.

அஞ்சலை என்ற குழந்தையை என் தாளில் தேடிப் பார்த்தேன். ‘வீடு எண் 17. ரசம் சாதம்.’ அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

உங்கள் வாக்கை மீறச் சொல்லவில்லை. வாக்கு வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான்கு நாளாகச் சரியாகத் தூக்கம் இல்லை. தராசு இதே பஸ்ஸில் திரும்பி வருகிறது.

க. கஸ்தூரிரங்கன்


மாகறல்
25-2-79

ஐயா அவர்களுக்கு,

தராசைச் சோதித்ததற்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சோதித்ததை மறைக்காமல் எழுதினீர்கள். அதனால் நேற்று வகுப்பில் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “உங்களுக்குக் கொடுத்த வாக்கால்தான் நான் பொய்க்காரியாகிறேன், என்ன செய்யட்டும்?” என்று கேட்டேன். அவர்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

கோவிந்தம்மாள்தான் ஆரம்பித்தாள். “சாமி எதிர்ல எப்பிடிமா சொல்றது? நெத்தி நெறைய நாமம் போட்டுக்கினு வந்து குந்திக்கிது. அதுகிட்டப் போயி நண்டு துன்னோம், நத்த துன்னோம்னு சொன்னா அதுக்குக் கொமட்டாதா?”

சிட்டம்மாள், “நான் சட்டியக் கூடைக்குள்ள கவுத்துட்டேன். நாத்தம் மட்டும் போவல. அதான் சாம்பிராணி போட்டேன்” என்றாள்.

“நீ மட்டுமா போட்ட? அன்னிக்கித் தெருவே கோயிலு மாரி இருந்திச்சி. சாமி மூக்க உறிஞ்சிக்கினு, ‘ரொம்ப சுத்தம், ரொம்ப சுத்தம்’னு எய்திக்கினாரு.” இது எல்லம்மாள். அவளுக்கு நடவு வேலை. வாய் அவளோடுதான் பிறந்தது.

அவ்வளவுதான் ஐயா. வயல் நண்டை உரலில் இடித்துச் சாறு பிழிந்து, மிளகு போட்டுக் கொதிக்க வைத்துக் குழந்தைக்கு ஊற்றுகிறார்கள். நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் பொடித்துக் கஞ்சியில் போடுகிறார்கள். நத்தையைக் குழம்பு வைக்கிறார்கள். பெரியவர்கள் இதையெல்லாம் முன்பும் சாப்பிட்டார்கள்தான். ஆனால் பிள்ளைக்குச் செரிக்காமல் மாந்தம் வரும் என்று குழந்தைக்குத் தரமாட்டார்கள். நண்டுக் குழம்பை அப்பன் சாப்பிட, குழந்தை வெறும் கஞ்சி குடிக்கும். ஒரு வருடம் நான் அடித்துப் போராடி மாற்றியது அந்த ஒன்றைத்தான்.

இதை ஏன் நானே முதலில் சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். பெண்கள் கூச்சம் பாதிக் காரணம். மீதி என் பயம். கமிட்டி எனக்குக் கொடுத்த பாடப் புத்தகத்தில் கீரை, பயறு, வேர்க்கடலை, பால் இருக்கின்றன. சுவரில் மாட்டக் கொடுத்த படத்தில் ஆப்பிள் இருக்கிறது. முட்டையும் இல்லை, மீனும் இல்லை. கமிட்டியிலும் பெரும்பாலோர் உங்களவர்கள்தான். ‘பாடத்தில் இல்லாததைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வேலை கொடுத்தார்கள். அந்தப் படத்தை முதல் நாள் மாட்டியபோது எல்லம்மாள் கேட்டாள், “இந்தத் தக்காளி ஏன் இம்மாம் பெரிசா கீது?” அன்றைக்கே புத்தகத்தை மூடிவிட்டு வயலில் என்ன கிடைக்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன்.

ஆக, எடையில் நான் பொய் எழுதவில்லை. ஆனால் பாடத்தை மீறியிருக்கிறேன். இப்போது உங்களுக்குத் தெரியும்.

சுலோச்சனா


உத்திரமேரூர்
1-3-1979

சுலோச்சனா அம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். பூட்டுவானேன் என்று எனக்கே தெரியவில்லை. சாயங்காலம் என் மனைவி பெருந்தேவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“உங்ககிட்டப் போய் எவ நண்டுன்னு சொல்லுவா? நானா இருந்தாலும் சொல்லமாட்டேன். முப்பத்தோரு வீட்ல ரசம், ஊறுகாய்னு எழுதிண்டு வந்தேளே, அப்பவே நினைச்சேன். கழனியில வேலை செய்யறவா ஊறுகாயைத் தொட்டுண்டு எத்தனை நாள் நடவு நடுவா?”

“அப்போதே சொல்லியிருக்கலாமே.”

“கேட்டேளா?”

இரண்டாவது குறிப்பில் நான் மெச்சிய சாம்பிராணியை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டேன். அது எளிது. மற்றது எளிதாக இல்லை. உங்களிடம் மறைக்கவில்லை, ‘நண்டு’ என்று என் தாளில் எழுத மூன்று தடவை பேனாவைத் திறந்து மூடினேன். அந்தப் பெண்கள் என் முகத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். நான்தான் அவர்கள் வீட்டைத் தவறாகப் படித்தேன்.

இருந்தாலும் உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து அறிக்கையை மாற்ற முடியாது. அது உங்கள் வார்த்தை. நீங்கள் சம்பந்தப்பட்டவர். மன்னிக்க வேண்டும், நான் இப்படித்தான். மறுபடி கேட்க வேண்டும். அதே நாற்பது வீடுகள், அதே கேள்வி. ஆனால் கேட்பது நானும் கூடாது, நீங்களும் கூடாது. அவர்கள் கூசாமல் பேசக்கூடிய ஒருவர் வேண்டும். முன்கூட்டிக் கார்டு போட மாட்டேன்.

இன்னொன்று. என்னிடம் வந்து சேரும் என்று தெரியாமல் அவர்கள் பேசினால் அது வஞ்சகம். தெரிந்தே சொல்ல வேண்டும்.

யாராவது உண்டா?

க. கஸ்தூரிரங்கன்


மாகறல்
6-3-79

ஐயா அவர்களுக்கு,

எல்லம்மாளைக் கேட்டேன். சம்மதித்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஊரில் எந்தக் கல்யாணத்துக்கு யார் என்ன மொய் வைத்தார்கள் என்பதைப் பத்து வருடத்துக்கு மனதில் வைத்திருக்கிறாள். ஒரு நாளைக்குப் பத்து வீடு. மறுநாள் காலை பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கு வந்து வாயால் சொல்லுவாள், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் நடுவில் வரமாட்டேன். அந்த நாட்களில் காவாந்தண்டலத்தில் என் தம்பி வீட்டுக்குப் போய்விடுகிறேன். அப்போதுதான் உங்கள் கணக்கு நிம்மதியாக இருக்கும்.

நடவு இல்லாத நாட்கள்தான் அவளுக்குத் தோது. கூலி போகாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண்களிடம் சொல்லியாகிவிட்டது, இதெல்லாம் சாமியிடம்தான் போகும் என்று. “தாராளமாப் போவட்டும். எதிர்ல சொல்லத்தான் கூச்சம். எல்லம்மா வாயால போனா பாவம் அவளுக்கு” என்று சிரிக்கிறார்கள்.

உங்கள் வீட்டு அம்மாவுக்கு என் வணக்கம். அவர்களை முதலிலேயே அனுப்பியிருந்தால் இத்தனை தபால் செலவு இல்லை.

சுலோச்சனா


உத்திரமேரூர்
19-3-1979

சுலோச்சனா அம்மாள் அவர்களுக்கு,

வேலை முடிந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எல்லம்மாள் முதலில் கேள்வி கற்றுக்கொள்ள வந்தார். என் பதினான்கு கேள்விகளையும் வாசித்துக் காட்டினேன். முதல் கேள்வியிலேயே நிறுத்திவிட்டார்.

“இன்னா சாமி இது? ‘நேற்றைய தினம் உட்கொண்ட உணவு யாது’ன்னா, தாலுக்கா கச்சேரிலேந்து வந்துட்டான்னு கதவ சாத்திக்குவாளுங்க. ‘ராவுக்கு இன்னாடி கொழம்பு’ன்னு கேட்டா ஆச்சி.”

“காலை உணவு, மதிய உணவு என்று தனித்தனியாக...”

“ராத்திரி கொழம்பு தெரிஞ்சா காலைக்கி இன்னான்னு தெரியாதா? அதே கொழம்புதான். நீ மட்டும் மூணு வேளைக்கி மூணு ஆக்கித் துன்றியா?”

பெருந்தேவி உள்ளே சிரித்தது கேட்டது. பதினான்கு கேள்விகள் கடைசியில் மூன்றாயின. ராத்திரி என்ன குழம்பு, அதில் குழந்தைக்கு என்ன போட்டாய், அது தின்றதா துப்பியதா. முப்பது வருடம் படிவம் தயாரித்தவன் நான். இதைவிட நல்ல படிவம் தயாரித்ததில்லை.

நான்கு நாள் காலையில் வந்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஞாபகத்தைச் சோதிக்க, மூன்றாம் நாள் முதல் நாளின் பத்து வீடுகளைத் திரும்பக் கேட்டேன். ஒன்றுகூட மாறவில்லை. “சந்தேகமா சாமி?” என்று கேட்டார். ஆமாம், என் குணம் அப்படி என்றேன். “நல்லதுதான். சந்தேகப்படாதவன் நாத்துக்கட்ட எண்ணாமலே வாங்கிக்கினு போவான்” என்றார்.

கணக்கு இதுதான். நாற்பதில் முப்பத்துமூன்று வீட்டில் குழந்தையின் சாப்பாட்டில் கருவாடோ நண்டோ நத்தையோ இருந்தது. கருவாடு பத்தொன்பது, நண்டு ஒன்பது, நத்தை ஐந்து. மற்ற ஏழு வீட்டில் இல்லை. எடை ஏறிய இருபத்தொன்பது குழந்தைகளில் இருபத்தேழு அந்த முப்பத்துமூன்று வீட்டுக்குள் வருகின்றன.

உங்கள் பதிவேடு உண்மை. இதை எழுதும்போது எனக்கு என்னவோ போல் இருந்தது. உங்களைச் சந்தேகித்து ஐந்து வாரம் ஆகிறது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

இனி இதை அப்படியே அறிக்கையாக்கிக் கமிட்டிக்கு அனுப்புவேன்.

க. கஸ்தூரிரங்கன்


மாகறல்
22-3-79

ஐயா,

அனுப்பாதீர்கள்.

மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். நான் இரண்டு நாளாக யோசித்தது இது. முதல் அறிக்கையை அப்படியே அனுப்பினால் என்ன ஆகும்? சேவிகா எடையைத் திருத்தி எழுதினாள் என்று என்னை மட்டும் நீக்குவார்கள். வேறு ஒருத்தி வருவாள். வகுப்பு நடக்கும். குழந்தைக்குக் குழம்பு ஊற்றக் கற்றவர்கள் ஊற்றிக்கொண்டுதான் இருப்பார்கள்.

நீங்கள் உண்மையை எழுதினால்? நம் காசில் நண்டும் நத்தையும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று வகுப்பையே மூடுவார்கள். மாகறல் மட்டுமில்லை, இதே கமிட்டி நடத்தும் மற்ற இரண்டு ஊர் வகுப்புகளும் போகும். ஆள் மாறினால் போதும் என்பது ஒன்று, எல்லாம் போகும் என்பது ஒன்று. கணக்குத் தெரிந்தவர் நீங்கள், எது சிறியது என்று பாருங்கள்.

நான் தம்பி வீட்டோடு போய் இருந்துகொள்வேன். கழனி வேலை எனக்குப் புதிதில்லை. பொய்க்காரி என்ற பேர் காவாந்தண்டலம் வரை வரும், அவ்வளவுதானே.

சுலோச்சனா


உத்திரமேரூர்
29-3-1979

சுலோச்சனா அம்மாள் அவர்களுக்கு,

26ஆம் தேதி ஒரு கடிதம் எழுதி, தபாலில் போடாமல் கிழித்துவிட்டேன். இது இரண்டாவது.

மேஜையில் இரண்டு அறிக்கைகள் இருக்கின்றன. ஒன்று பழையது, ஒன்று புதியது. இரண்டிலும் கையெழுத்துப் போடவில்லை. காலையில் ஏரிக்கரையில் மதகு வரை போய்த் திரும்புகிறேன். சாயங்காலம் மறுபடி போகிறேன். போகும்போது ஒரு தீர்மானம், வரும்போது வேறு. நேற்று மதகு வரைகூடப் போகாமல் பாதியிலேயே திரும்பிவிட்டேன்.

அலுவலகத்தில் ஒரு தடவைகூடத் தவறான எண்ணை எழுதியதில்லை. அதைப் பெருமையாக நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், சரியான எண்ணை எழுதி மேலதிகாரி மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்த எண்ணால் எந்த ஊருக்கு வரி தள்ளுபடி ஆயிற்று, எந்த ஊருக்கு ஆகவில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எண் என் வேலை, மற்றது அவர்கள் வேலை. இந்தத் தடவை அப்படி வைத்துவிட்டு வர முடியவில்லை.

பொய்யான அறிக்கையில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. உங்கள் வகுப்பை மூடும் அறிக்கையிலும் போட முடியவில்லை. உங்கள் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் அதில் ஒன்று விட்டுப்போயிற்றோ என்று சந்தேகம். எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றால் புதியதை அனுப்பமாட்டேன். பழையதையும் அனுப்பமாட்டேன். உடம்பு சரியில்லை என்று எழுதிவிடுவேன். கோழைத்தனம் என்று தெரியும்.

க. கஸ்தூரிரங்கன்


மாகறல்
3-4-79

ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை எல்லம்மாளிடம் படித்தேன். யோசிக்கவே இல்லை அவள்.

“ஏம்மா, நீ போயிட்டா வர்றவ இன்னா செய்வா? அந்த ஆப்பிள் படத்தத்தான் மறுபடியும் மாட்டுவா. இப்ப கொழந்த பெத்தவளுங்க நம்மகிட்ட கத்துக்கினாளுங்க. அடுத்த வருசம் பெக்கறவ யாருகிட்ட கத்துப்பா? நாங்க துன்றத நாங்களே எத்தினி நாளைக்கி மறைக்கிறது?”

நீங்கள் சொல்லத் தெரியவில்லை என்றது இதுதான் என்று நினைக்கிறேன். அடுத்த வருடம் பிறக்கிற குழந்தைகளை நான் எண்ணவில்லை.

அனுப்புங்கள். வகுப்பில் எல்லோரும் சம்மதம். யார் வீட்டில் என்ன என்று பெயர் மட்டும் போட வேண்டாம். சிட்டம்மாள் மட்டும் போடச் சொல்கிறாள். “எம் பொண்ணு பேரப் போடச் சொல்லு. ஏழு எறநூறுலேந்து எட்டு தொள்ளாயிரம்னு போடச் சொல்லு. பட்டணத்துக்காரங்க பாக்கட்டும்.”

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உடம்பு சரியில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தபாலில் போட்டால் மட்டும் போதாது. கூட்டத்துக்கு நீங்களே போக வேண்டும்.

சுலோச்சனா


உத்திரமேரூர்
13-4-1979

சுலோச்சனா அம்மாள் அவர்களுக்கு,

கமிட்டியின் கடிதம் உங்களுக்கு வர நாளாகும். அதனால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று ஊர் வகுப்புகளும் அடுத்த தை வரை தொடரும். நீங்களும் தொடர்வீர்கள். பாடத்தை மீறியதற்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வரும். அதைத் தடுக்க முயன்றேன், முடியவில்லை. எடைப் பதிவேடு சரி என்று ஒப்புக்கொண்டு குறித்துவிட்டார்கள்.

பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நின்று படிக்கச் சொன்னார்கள். அஞ்சலையின் எடை வரை சரளமாகப் படித்தேன். ‘நண்டு ஒன்பது’ என்ற இடத்தில் நிறுத்தித் தண்ணீர் கேட்டேன். யாரோ சிரித்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு அந்த வரியை முதலிலிருந்து படித்தேன்.

செயலாளர் ஸ்வாமிநாதன் கேட்டார். “இதையெல்லாம் நீங்கள் நேரில் பார்த்தீர்களா?”

“இல்லை. நான் போனால் அது இருக்காது” என்றேன்.

“பார்க்காததை எப்படி அறிக்கையில் போடுகிறீர்கள்?”

“முதலில் பார்த்ததைத்தான் போட்டேன். அதுதான் தப்பாக இருந்தது.”

அப்போது தலைவி ஆண்டாளம்மாள் கேட்டார். எழுபத்தைந்து வயதிருக்கும், மடிசார். “அந்தப் படத்துல ஆப்பிளைப் போட்டது யாரு?” செயலாளர் தாம்தான் என்றார். “நீர் வாங்கித் தரப்போறீரா?” என்றார் அந்த அம்மாள். அதற்குப் பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. புத்தகத்தில் ‘நண்டு’ என்று அச்சடிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. ‘அந்தந்த ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் உணவு’ என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். அந்த வரிக்கு நீங்கள் எப்படி வேண்டுமானாலும் பொருள் கொள்ளலாம். அடுத்த தடவை கேட்கப் போவது யார் என்று விசாரித்தார்கள். எல்லம்மாள் பெயரையும் அவருடைய மூன்று கேள்விகளையும் எழுதிக் கொடுத்தேன்.

திரும்பும்போது பஸ் மாகறல் நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றது. கால்வாயிலிருந்து சிட்டம்மாள் கரையேறி வந்தார். ஒரு கையில் சட்டி, இடுப்பில் குழந்தை. ஜன்னலில் என்னைப் பார்த்ததும் சட்டியின் வாயை முந்தானையால் மூடினார். அறிக்கையில் பெயர் போடச் சொன்ன அதே சிட்டம்மாள்.

“நல்லா கீறியா சாமி?”

குழந்தையின் எடை என்ன என்று கேட்டேன்.

“ஒம்போதே கால்” என்றார். அஞ்சலை என்னைப் பார்த்துவிட்டு முந்தானையைப் பிடித்து இழுத்தது. அவர் அதன் கையைத் தட்டிவிட்டு இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சட்டியில் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ‘தண்ணி சாமி’ என்றிருப்பார். நானும் அதையே தாளில் குறித்திருப்பேன்.

பிப்ரவரி 12ஆம் தேதி உங்களுக்கு எழுதிய முதல் கடிதத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டாவது குறிப்பையும் மூன்றாவதையும் அறிக்கையிலேயே திருத்திவிட்டேன். நான்காவது அறிக்கையில் இல்லை, உங்களுக்கு எழுதியதில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே உங்களிடம்தான் திருத்த வேண்டும். கேட்டது யார் என்பதால் விடை மாறுவதில்லை என்று எழுதியிருந்தேன். அது தவறு.

க. கஸ்தூரிரங்கன்